டயர் துடைத்த அதிகாரி

"நம்ம கம்பெனி பேரைக் கேட்டாலே அந்தாளு ஆடிப்போயிடுவான்" என்று மனைவியிடம் அளந்துவிட்டு, பேட்டரி கம்பெனியின் கொள்முதல் அதிகாரி லித்தியம் சுரங்கக்காரரின் வீட்டுக்குப் போனார். பேட்டரிக்கு வேண்டிய லித்தியம் கிடைக்காவிட்டால் அதிகாரியின் வேலை போய்விடும்.

அங்கே போட்டிக் கம்பெனிக்காரர் சுரங்கக்காரரின் காரைத் தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இவரும் வெட்கத்தை விட்டுத் துணியை எடுத்தார்.

"அண்ணே, கண்ணாடி என்னுது. நீங்க டயரைப் பாருங்க" என்றார் போட்டிக்காரர்.

மனைவி போனில் கேட்டாள்: "என்னங்க, ஆளு மசிஞ்சாரா?"

"பேச்சுவார்த்தை நடக்குதும்மா."

"தண்ணிச் சத்தம் கேக்குதே?"

அதற்குள் மாடியிலிருந்து சுரங்கக்காரர் எட்டிப் பார்த்தார். "டயரு பளபளன்னு இருக்கே, யாரு துடைச்சது?"

இருபது நாடுகளில் பேட்டரி விற்கும் கம்பெனியின் அதிகாரி, பள்ளிப் பிள்ளையைப்போல ஈரக் கையைத் தூக்கினார்.

"நான்தாங்க!"