ஆந்தையின் காலடியில் தூள்

ஆந்தையின் பீடத்தில் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் தூள் கிடந்தது. மரத்தூளாக இருக்கட்டும் என்று காப்பாட்சியரின் மனம் கெஞ்சியது. விரல் நுனியில் ஒற்றி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தூளோடு மயிர் முளைத்த சின்னச் சின்னத் தோல்கள். புழு வளர வளரக் கழற்றிப் போடும் சட்டைகள்.

தோலையும் இறகையும் தின்னும் வண்டு அது. விலங்கியல் துறை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிட்டால் அதற்குக் காலம் முழுக்க விருந்துதான். ஆந்தைக்குப் பின்னால், சுவரோரமாக, பறவைத் தோல்கள் அடுக்கிய இழுப்பறைகள் இருந்தன. அவற்றில் கிடக்கும் பறவைகளில் சில இனங்கள் இன்று எந்த வானத்திலும் இல்லை. அவற்றைக் காப்பதுதான் அவள் வேலை.

அன்று பார்த்துத்தான் நிதி தரப்போகும் அறக்கட்டளையின் மதிப்பீட்டாளர் வருகிறார்.

பல்கலைக்கழகப் பதிவாளருக்கு இந்தக் கூடத்தின் மேல் வெகுநாளாகக் கண். தேர்வுக்கூடம் ஆக்க வேண்டுமாம். அறக்கட்டளை நிதி வந்தால் கூடம் உனக்கு, வராவிட்டால் எனக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒரு சின்ன அருங்காட்சியகத்தை நம்பி யாரும் பணம் தருவதில்லை. அதனால் மூன்று பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். இவள் ஒருத்தி. மருத்துவக் கல்லூரி அருங்காட்சியகத்தின் பேராசிரியர் இன்னொருவர். உறுப்புகளைக் கெடாமல் பாட்டிலில் வைக்கும் திரவத்தின் வாடை ஆள் வருமுன் வந்துவிடும் என்பதால் அவருக்கு ஃபார்மலின் என்று பெயர். மூன்றாவது வேளாண் கல்லூரி அருங்காட்சியகம். அங்கே பொறுப்பில் இருப்பவள் இவளுடைய அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி.

மூவரும் ஏறாத அலுவலகம் இல்லை. பல்கலைக்கழக அருங்காட்சியகம் பழைய சாமான் கிடங்கு இல்லை என்று தொண்டை வற்றப் பேசியிருக்கிறார்கள். அறக்கட்டளைக்குப் பிடித்துப்போனது அவர்களுடைய ஒரே வாக்குறுதி: மூன்று இடத்துக்கும் ஒரே ஒழுங்கு. வெளியிலிருந்து எது வந்தாலும் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் உறையவைத்த பிறகுதான் உள்ளே.

கூட்டுக் கண்காட்சிக்கென்று பாடம் செய்த ஆந்தை முந்தின மாலைதான் வந்தது. அங்கேயே உறையவைத்தாயிற்று என்று அண்ணி சொல்லி அனுப்பியிருந்தாள். சொந்த அண்ணியிடம் அத்தாட்சி கேட்பதா என்று இவளும் விட்டுவிட்டாள்.

அண்ணியைப் போனில் அழைத்தாள். எந்த ஃப்ரீசரில் வைத்தாள் என்று கேட்டாள். உண்மை ஒவ்வொன்றாக வந்தது. கல்லூரி ஃப்ரீசர் செத்து வெகுநாளாகிறது. புதிது கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். வீட்டு ஃப்ரிட்ஜில் ஆந்தையின் தலைகூட நுழையவில்லை, அண்ணன் வேறு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கடைசியில் தெருமுனை ஐஸ்கிரீம் கடையில் காலியாகக் கிடந்த ஃப்ரீசர் பெட்டி கிடைத்தது. கடைக்காரர் தினமும் கடை சாத்தும்போது அந்தப் பெட்டியை மட்டும் அணைத்துவிட்டுப் போவார். அது அண்ணிக்குத் தெரியாது.

"எப்பத் தெரிஞ்சுது?"

"எடுக்கப் போனப்ப அடியில தண்ணி நின்னுச்சு."

"தெரிஞ்சும் அனுப்புனீங்க."

"ஆந்தை இல்லேன்னா நான் எதைக் கொண்டு வரது? விதை பாட்டிலையா? வந்துக்கிட்டே இருக்கேன். மதிப்பீட்டுக்கு வர்ற அந்தம்மா போற வரைக்கும் துடைச்சு மட்டும் வை."

கண்காட்சிக்காகத் தன் பாட்டில்களோடு வந்திருந்த ஃபார்மலின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் துடைக்கத்தான் சொன்னார். கொஞ்ச நேரத்தில் என்னத்தைத் தின்றுவிடப் போகிறது என்றார்.

"புழு தின்னும் சார். வண்டு பறக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அறக்கட்டளை விதியில் ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். ஒருவர் தகுதியிழந்தால் மற்ற இருவரும் நிதியைப் பெறலாம். ஆந்தை யாருடையது என்று மட்டும் சொன்னால் போதும்.

"அவங்க எங்க அண்ணி."

"அதனாலதான் மெதுவா சொல்றேன்."

அவள் உள்ளே போனாள். பெரிய பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து ஆந்தையை நுழைத்து வாயை ஒட்டினாள். ஆந்தையோடு விட முடியாது. பக்கத்துப் பீடத்தில் இருந்த கீரி, அதற்கடுத்த நாரை, மயிரும் இறகும் உள்ள எல்லாமே பைக்குள் போயின. ஃபார்மலின் முணுமுணுத்துக்கொண்டே ஒட்டுநாடா கிழித்துக் கொடுத்தார். வாசலில் கார் வந்து நின்றபோது கூடத்தில் அவருடைய பாட்டில்களும் வெறும் பீடங்களும்தான் இருந்தன.

மதிப்பீட்டாளர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கண்காட்சி எங்கே என்று கேட்டார். ஆந்தையில் பூச்சி இருந்ததைக் காப்பாட்சியர் சொன்னாள். கூட வந்த பதிவாளர் காலி இடத்தை அளப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சி என்றதும் திரும்பினார்.

"இது பெஞ்சுக்கெல்லாம் வருமா?"

"பெஞ்சுக்கு வராது சார். கம்பளி கோட்டுக்கு வரும்."

தன் கோட்டின் கைகளைப் பார்த்துக்கொண்டு அவர் வாசலுக்கு வெளியே போய் நின்றார்.

"அது யாருடைய பொருள்?" என்றார் மதிப்பீட்டாளர்.

அப்போதுதான் அண்ணி மூச்சு வாங்க வந்து நின்றாள். கேள்வி அவள் காதிலும் விழுந்தது. ஃபார்மலின் மேற்கூரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் கூடம் தங்கும்.

"கொண்டு வந்தது இவங்க," என்றாள் காப்பாட்சியர். அண்ணியின் முகம் செத்தது. "உள்ள விட்டது நான். எங்க ஃப்ரீசர்ல மறுபடி வைக்காம எதையும் விட்டிருக்கக் கூடாது. தகுதி இல்லேன்னா எங்க ரெண்டு பேருக்கும்தான் இல்ல."

மதிப்பீட்டாளர் ஃபார்மலினைப் பார்த்தார். தன்னிடம் எல்லாமே பாட்டிலில் இருப்பதாகவும், தன்னை மட்டும் தனியாக வைத்துக் கூட்டு நடத்த முடியாது என்றும் அவர் சொன்னார். அதைத்தான் தானும் எழுத வேண்டியிருக்கும் என்றார் மதிப்பீட்டாளர். இந்த முறை நிதி இல்லை. படியிறங்கும்போது நின்று, துடைத்துவிட்டிருந்தால் தனக்குத் தெரிந்திருக்காது என்றார்.

"தெரியும்மா," என்றாள் காப்பாட்சியர்.

கூடம் எப்போது கைக்கு வரும் என்று வெளியிலிருந்தே கேட்டார் பதிவாளர். பறவைகளையும் ஃப்ரீசரையும் எடுத்துப்போகச் சம்மதம் எழுதித் தந்தால் கூடத்தை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். எங்கே எடுத்துப்போவது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எங்க மியூசியம் மாடி முழுக்கக் காலியா கெடக்கு," என்றாள் அண்ணி.

"உங்கள நம்பியா?"

அண்ணி சுருண்டுபோனாள். பிறகு சொன்னாள்: "என்னை நம்ப வேணாம். சாவி உன்கிட்டயே இருக்கட்டும். நானும் கேட்டுட்டுத்தான் உள்ள வருவேன்."

அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இழுப்பறைகளைப் பார்த்தாக வேண்டும். காப்பாட்சியர் ஒரு டார்ச்சை அண்ணியின் கையில் கொடுத்தாள். ஆந்தைக்கு மிக அருகில் இருந்த இழுப்பறையை இழுத்தாள். கண் இருந்த இடத்தில் பஞ்சு வைத்த சிறு பறவைகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. அண்ணி வெளிச்சத்தைக் கீழே பிடித்தாள். ஒவ்வொரு பறவையையும் தூக்கி அடியில் பார்த்தார்கள். விரித்திருந்த வெள்ளைத் தாளில் தூள் இல்லை.

"அடுத்ததைப் பார்க்கலாம், அண்ணி," என்றாள். "இன்னும் கீழ புடிங்க."