கைதட்டலுக்குப் பகடை கிடையாது

போன வருடம் ஜூலையில், டெட்ராய்ட் கிழக்குப் பக்கத்தில் எங்கள் பேட்டைப் பூங்கா விழாவில், ஆல்டன் பெட்வே நான்கே நிமிடத்தில் நூறு பேரை விரட்டினார். நான் மணி பார்த்தேன். டிரம் மெஷின் என்கிற அவருடைய தாளப் பெட்டி ஓடத் தொடங்கியபோது மேடைக்கு முன்னால் புல்தரை முழுக்க ஆட்டம். ஐந்தாவது நிமிடத்தில் எல்லோரும் விலா இறைச்சிக்கு வரிசையில் நின்றார்கள்.

ஆல்டன் என் அக்கா ரோஷெலின் கணவர். மூன்று வருடமாக நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். இந்த வருடமும் அவருக்கு இருபது நிமிடம் கிடைத்தது அக்காவால்தான். விழாவை நடத்தும் டொரதியா, சர்ச் பாடகர் குழுவில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள்.

"உனக்காகத் தர்றேன், ரோஷெல். இந்தத் தடவையும் தரை காலியாச்சுன்னா உன் புருஷன் அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு இந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

ஒழுங்கான தாளம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகலாமே என்று நான் ஆல்டனிடம் கேட்டேன்.

"முப்பத்தோரு வருஷம் ஃபேக்டரி லைன்ல நின்னேன், டெஸ்மண்ட். அம்பத்தெட்டு செகண்டுக்கு ஒரு கார் கதவு. அடுத்து என்ன வரும்? கதவுதான் வரும். போதும், மேன். இனிமே அடுத்து வர்றது எனக்கே தெரியக் கூடாது."

அதற்குத் தகுந்த பெட்டிதான் அது. பதினாறு பொத்தான்கள், ஒரு சுற்றுக்குப் பதினாறு இடங்கள். எந்த ஒலியை எந்த இடத்தில் வைத்தாலும், நூற்றுக்கு எத்தனை தடவை அது கேட்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஐம்பது என்றால் பகடை உருட்டுவது போல, வரும், அல்லது வராது. ஒவ்வொரு ஒலிக்கும் தனி நீளமும் கொடுக்கலாம். கிக் என்கிற பெரிய முழக்கம் பதினாறில் திரும்பினால் மணியோசை ஏழிலேயே திரும்பிவிடும். சுற்றுக்குச் சுற்று இரண்டும் வெவ்வேறு இடத்தில் மோதிக்கொள்ளும். போன வருடம் அவர் எல்லா ஒலிக்கும் ஐம்பது கொடுத்திருந்தார்.

வீட்டின் கீழ்த்தளம் ஆல்டனுடையது. அதற்கு நேர் மேலே சமையலறை, பலகைத் தரை. அடுப்பருகே நிற்கும்போது அக்காவின் குதிகால் தன்னால் தாளம் தட்டும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் வேலை செய்வார். இதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, மதியம், அக்கா மேலே மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கீழே நான் பக்கத்தில் இருக்க, ஆல்டன் புதிதாக ஒன்றை ஓடவிட்டார். குதிகால் சேர்ந்துகொண்டது. மணியோசைக்கு நாற்பது கொடுத்தார், குதிகால் விடவில்லை. ஹைஹேட் என்கிற தகட்டுச் சத்தத்தின் நீளத்தைப் பதினொன்றாகக் குறைத்தார், விடவில்லை. கிக்குகளில் ஒன்றைப் பகடைக்கு விட்டார். அது வராமல்போன சுற்றில் மேலே ஒரு சிரிப்புக் கேட்டது. ஆல்டன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தத் தைரியத்தில் கைதட்டல் ஒலிக்கு எழுபது கொடுத்தார்.

இரண்டாம் சுற்றில் குதிகால் நின்றது.

"என்ன ஆச்சு?" என்று கூரையைப் பார்த்துக் கத்தினார்.

"மீன் கருகுது!"

"பொய் சொல்லாத!"

அவள் மாவுக் கையோடு படியிறங்கி வந்தாள். "கைதட்டலுக்குப் பகடை போட யார் சொன்னது உனக்கு?"

"நூத்துக்கு எழுபது, செல்லம். முக்காவாசி வருதே."

"பாஸ்டர் முக்காவாசி ஞாயித்துக்கிழமை வந்தா ஒத்துக்குவியா? நாலு எண்ணினா ரெண்டுலயும் நாலுலயும் கை தட்டறது நாங்க. மெஷின் இல்ல. கிக்கை எங்க வேணா ஒளிச்சு வை, தேடிப் பிடிச்சுக்கறோம். என் கையையே ஒளிச்சு வெச்சிட்டா நான் எதை வெச்சுத் தேடுவேன்?"

"அப்ப நூறு குடுத்துடட்டா?"

"என்னமோ பண்ணு. மீன் இப்ப நிஜமாவே கருகுது."

அவள் போன பிறகு ஆல்டன் மறுபடி கைதட்டலின் எண்ணுக்குப் போனார். நூறு கொடுக்கவில்லை. பூஜ்யம் கொடுத்தார்.

"நாங்கன்னு சொன்னாள்ல?" என்றார். "அவங்களே தட்டட்டும்."

"தட்டலைன்னா?"

"இறைச்சி வரிசையில எனக்கும் சேத்து ஒரு தட்டு வாங்கி வை."

சனிக்கிழமை நாலு மணிக்கு மேடையேறினார். செய்ததை அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை. கிக் விழுந்தது, ஹைஹேட் ஓடியது, மணி அதன் போக்கில் அலைந்தது. கை தட்ட வேண்டிய இடத்தில் வெறும் காற்று. போன வருடத்தை மறக்காத சிலர் அப்போதே இறைச்சிப் பக்கம் நகர்ந்தார்கள். டொரதியா கைகளைக் கட்டிக்கொண்டாள். நான்கு சுற்று போனது. ஆல்டனின் விரல் கைதட்டல் பொத்தானுக்கு மேலே நின்றது. அழுத்தினால் போதும், தப்பித்துவிடலாம். ஐந்து. ஆறு.

பாடகர் குழுவோடு புல்தரையில் நின்ற அக்கா தலையைச் சாய்த்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். சட்டென்று அவள் முகம் மாறியது. "அடத் திருடா" என்று உதடு அசைந்தது. அவள் கையைத் தூக்குவதற்குள், வரிசையில் நின்ற ஒரு பருத்த மனிதர் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டிவிட்டார். சரியாக இரண்டில். நாலில் அக்கா. அடுத்த சுற்றில் பாடகர் குழு முழுவதும். பிறகு புல்தரை.

ஆல்டன் விரலை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

அதற்குப் பிறகுதான் பெட்டி தன் வேலையைக் காட்டியது. ஒரு கிக் வரவில்லை; கூட்டம் "ஓ!" என்று கூவியது. அடுத்த சுற்றில் வராது என்று நம்பிக் காலைத் தூக்கியவர்கள் தலையில் இரண்டாக விழுந்தது.

"ஏமாந்தியா!" என்று என் பக்கத்தில் ஆடியவன் தன் நண்பனிடம் கத்தினான்.

"உன் மூஞ்சியைப் பாருடா முதல்ல!"

மெஷினைத் தொடாமல் ஆல்டனும் அவர்களோடு சேர்ந்து ஏமாந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடம் ஆனதும் டொரதியா கீழிருந்து கடிகாரத்தைக் காட்டினாள். ஆல்டன் தலையசைத்தார். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் மூச்சு வாங்க மேடைக்கே ஏறி வந்தாள்.

"அடுத்த ஆளு காத்துட்டு நிக்கிறாரு, ஆல்டன்! நிறுத்துன்னா நிறுத்த மாட்டியா?"

பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. புல்தரையில் கைதட்டல் மட்டும் இரண்டிலும் நாலிலும் விழுந்துகொண்டேயிருந்தது.

"நான் அப்பவே நிறுத்திட்டேனே, டொரதியா."