ஏலத்துக்கு நடுவே ஒரு பாட்டு

…குறுக்கே துடைக்கக்கூடாது, கோடு எந்த வழியில் போகிறதோ அந்த வழியிலேயே துணியும் போக வேண்டும், வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள், ஆனால் அழுத்தித் துடைக்கச் சொன்னார்களா லேசாகத் துடைக்கச் சொன்னார்களா என்பது மறந்துவிட்டது, கை ஈரமாக இருப்பதால் போனை எடுத்துப் பார்க்கவும் முடியாது, லேசாகவே துடைப்போம், லேசாகத் துடைத்து எதுவும் கெட்டுப்போனதாக யாரும் சொல்லமாட்டார்கள்… சொல்வார்களோ? எல்லாம் அம்மா செய்த வேலை. இசைத்தட்டுகளில் பூசணம் பூத்திருப்பதைப் பார்த்துவிட்டு, நான் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில், மேலே இருந்தவற்றுக்கெல்லாம் தேங்காயெண்ணெய் தேய்த்து வைத்துவிட்டாள், "எப்பிடி மின்னுகு பாத்தியா, நீ கெடந்து அஞ்சாறு துணிய வச்சு ஒரச்சிட்டு இருந்தியே" என்று வாசலிலேயே ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். துருப்பிடித்த பூட்டுக்கும் எண்ணெய், காய்ந்த தலைக்கும் எண்ணெய், நைஜீரியாவிலிருந்து வந்த பாட்டுக்கும் அதே எண்ணெய். இப்போது பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர், பழைய வேட்டியைக் கிழித்த துணி, ஒவ்வொன்றாகக் கழுவி நிழலில் நிறுத்திவைக்கிறேன், ஐந்து மணிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஹரிகுமார் சார் வந்து பெட்டியோடு எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுவார், அப்பா சம்மதித்துவிட்டார், வாயால் சம்மதித்துவிட்டார், ஆனால் மனதுக்குள் அவருக்கு இந்தத் தட்டுகள் வேண்டுமா வேண்டாமா… அது அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும், போய்விட்டால் திரும்பி வராது.

விற்கலாம் என்று ஆரம்பித்தது யார், நான்தானே? தாத்தா போன வருஷம் இறந்த பிறகு மச்சிலிருந்து அவருடைய தகரப்பெட்டியை இறக்கினோம், எழுபதுகளில் இந்தப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் நைஜீரியாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போனார்கள், தாத்தா கணக்கு வாத்தியாராகப் போனவர், அப்பா அங்கேதான் பிறந்தார், எட்டு வயதில் வந்தார், அதற்கு மேல் வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பெட்டி முழுக்கத் தட்டுகள். உறையைப் படம் எடுத்து இணையத்தில் போட்டேன், இது என்னவென்று யாருக்காவது தெரியுமா என்று மட்டும்தான் கேட்டேன், ஹைலைஃப் என்றார்கள், ஆஃப்ரோபீட் என்றார்கள், ஃபங்க் என்றார்கள், எல்லாம் பாட்டு வகைகளாம், எனக்குத் தெரியாத ஊர்களிலிருந்து தெரியாத ஆட்கள் கெஞ்சினார்கள், அன்று மதியமே, பழைய தட்டுகள் சேர்க்கிற ஹரிகுமார் சார் போனில் வந்துவிட்டார், "அந்த வெள்ளை அங்கிக்காரரை மட்டும் யாருக்கும் கொடுத்துடாதே மோளே, இருபது வருஷமா தேடறேன், ஒரு மோசமான கேசட்ல பாதிப் பாட்டு கேட்டதோட சரி." அந்த உறையில் ஒருவர் கணுக்கால்வரை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், பின்னால் கிட்டார் பிடித்தவர்கள், அம்மாகூட, "ஏதாவது ஐயரா இருக்கும்" என்றாள், எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் சொல்வோம். நல்ல விலை, எனக்கு ஜெர்மனி போகிற செலவுக்கு ஆகும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். பிறகு எங்கே வந்தது இந்தச் சந்தேகம்?

அந்த மழை நாளில்தான் வந்தது. மைக் செட் வைத்திருக்கும் பெனிட்டோ அண்ணன் கடையில் தட்டு போடுகிற பழைய மெஷின் ஒன்று கிடந்தது, ஒருநாள் வைத்துக்கொள் என்று கொடுத்தார், எண்ணெய் படாத தட்டாகப் பார்த்து வெள்ளை அங்கிக்காரரையே போட்டேன். முதலில் ஒரு கிட்டார், அது சொன்னதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லும் இன்னொரு கிட்டார், அடியில் எங்கும் நிற்காத முரசு, உட்கார்ந்து கேட்கவே முடியவில்லை, எழுந்து எழுந்து நடந்தேன்… ஜன்னலில் பார்த்தால், புதுக்கடை ஊரில் இருக்கும் பெயிண்ட் கடையை அடைத்துவிட்டு வந்த அப்பா கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறார், நல்ல மழை, மழைக்கோட்டு இல்லை, விரல்கள் மட்டும் பெட்ரோல் டேங்கைத் தட்டுகின்றன. பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே வந்தார். "ஒங்களுக்கு அந்தப் பாஷை தெரியுமாப்பா?" என்று கேட்டேன். "எட்டு வயசில உள்ளதுல்லா, எல்லாம் போச்சு. சோறு எடுத்து வை." எல்லாம் போனவருடைய விரல் முரசு மாறுகிற இடத்தில் எப்படிக் கூடவே மாறியது? ஒருவேளை நானாகக் கற்பனை செய்கிறேனோ… ஜெர்மன் வகுப்பில் தினமும் நடந்ததைப் பத்து வரி எழுதச் சொல்வார்கள், அன்று மழை பெய்தது, அப்பா வந்தார் என்று எழுதி நின்றேன், அதற்கு மேல் எனக்கு எந்த மொழியிலும் வரவில்லை.

அதனால்தான் இன்றைக்கு மயிலாடிக்குப் போன் போட்டேன், அப்பாவின் அக்கா, சத்தியபாய் மாமி, அவர்களும் அங்கே இருந்தவர்கள்தானே. போனைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு, துடைத்துக்கொண்டே வெள்ளை அங்கி என்று சொன்னதுதான் தாமதம், மாமிக்குச் சிரிப்பு வந்து இருமலும் வந்துவிட்டது. "அந்தத் தட்டு இப்பமும் கெடக்குதா, எனக்க தெய்வமே! ஒங்கப்பன் ஒனக்குச் சொல்லலியா? எப்பிடிச் சொல்லுவான், அன்னிக்கு மானம்லா போச்சு." ஊருக்குத் திரும்பிய அதே வருஷம், அறுப்பின் பண்டிகை, ஆராதனை முடிந்து ஆலயத்து முற்றத்தில் காணிக்கையாக வந்த வாழைக்குலையும் பலாச்சக்கையும் கோழியும் ஏலம் போகிறது, ஒரு ஏலத்துக்கும் அடுத்த ஏலத்துக்கும் நடுவே மைக் செட்காரர் பாட்டுப் போடுகிறார், ஃபாரின் பாட்டு வைத்திருக்கிறேன் என்று பெருமையாகத் தாத்தா பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மைக் செட்காரர் புரட்டிப் பார்த்தார், அங்கியைப் பார்த்தார், தூக்கிய கையைப் பார்த்தார், "சாரே, இது நம்ம பாட்டுதானே?" என்று கேட்டார். தாத்தாவுக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. "ஆமா, அங்க ஆலயத்துல பாடுகது" என்று சொல்லிவிட்டார். "கோபுரத்துல கெட்டுன கொழாயில பாட்டு அலறுகு, கெழவிமாரு கண்ண மூடி ஸ்தோத்திரம் சொல்லுகாவ, ஐயரு காலு தாளம் போடுகு… எனக்கும் அந்தப் பாஷை அரைகொறதான் மக்களே, நான் ஆஸ்டல்ல கெடந்தேன். ஒங்கப்பன்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளையளுக்க கூடக் கெடந்து வளந்தவன், அவனுக்குத் தமிழவிட அதுதான் நல்லா வரும்."

அப்பா, எட்டு வயது அப்பா, ஏலக்காரர் கீழே வைத்த மைக்கைப் போய் எடுத்தார். இது ஏசப்பா பாட்டு இல்ல, கள்ளுப் பாட்டு என்றார். நம்பமாட்டார்களோ என்று ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் வேறு சொன்னார், பனையிலிருந்து இறங்குகிறவனே, இன்னும் ஒரு குடம் கொண்டா, வீட்டில் அவள் உறங்கட்டும்… கள்ளு என்ற சொல்லையே வாயில் எடுக்காத சபை. உடனே ஏலக்காரர்தான், "கள்ளு ஒரு கொடம், யாரு கேக்குது?" என்று கூவினாராம், முற்றமே உருண்டு புரண்டு சிரித்ததாம், மாமியும் இத்தனை வருஷம் கழித்துச் சிரிக்கிறார்கள், நானும் சிரித்தேன், சிரிக்கக்கூடியதுதானே… "ஒனக்க தாத்தா அவன ஒத்தக் கையில தூக்கிட்டுப் போயி அத்தன பேருக்க முன்னால அடிச்சாரு. அடிச்சதுகூடப் பெருசில்ல கேட்டியா. வீட்டுல கொண்டுவந்து முட்டுக்கால்ல நிறுத்தி, எனக்கு அந்தப் பாஷை தெரியாதுன்னு சொல்லு, சொல்லுன்னு… அவன் சொல்லுகது வர விடல்ல. அதுவர உறக்கத்துல அந்தப் பாஷைதான் பேசுவான். பொறவு அதுவும் இல்ல." மாமியின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. "சின்னப் பயதானே… சரி மக்களே, அடுப்புல மீன் கெடக்கு, போன வைக்கேன்."

அப்படியானால் எல்லாம் போச்சு என்று அப்பா சொன்னது என்ன, மறந்துபோனதா, அல்லது அன்றைக்குச் சொல்ல வைத்ததையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? வேண்டாத பெட்டி என்பதால் தருகிறாரா, வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்பதால் தருகிறாரா? விற்கவில்லை என்று நான் சொல்லிவிடலாம், ஹரிகுமார் சார் திட்டுவார், திட்டட்டும், ஆனால் அப்பா காரணம் கேட்பாரே, மாமி சொன்னார்கள் என்று எப்படிச் சொல்வேன்… துணி மாற்ற வேண்டும், இது சோப்புத் துணி. வகுப்புக்குப் போகிற மார்த்தாண்டம் பஸ்ஸும் இன்றைக்குப் போய்விட்டது. வாசலில் கார் சத்தம், அதற்குப் பின்னாலேயே அப்பாவின் பைக், நகத்தில் நீலப் பெயிண்ட், இன்றைக்கு மட்டும் ஏன் கடையை இவ்வளவு சீக்கிரம் அடைத்தார்?

ஹரிகுமார் சார் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கண்டெடுத்தவர் மாதிரி அந்த உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார், கையோடு கொண்டுவந்த பெட்டியைத் திறந்தால் உள்ளேயே மெஷின், முள், ஒலிபெருக்கி எல்லாம். "என்ன எண்ணெய்ம்மா இது, பாக்கித் தட்டுலெல்லாம் மீன் பொரிக்கலாம் போல வாசனை வருதே" என்றார், அம்மா உள்ளே போய்விட்டாள். முள்ளை வைத்தார். அந்தக் கிட்டார். அப்பா வாசல் நிலையில் சாய்ந்து, நகத்துப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு நின்றார். "சார் அங்கதானே பிறந்தது, என்ன பாடறான்னு கொஞ்சமாவது தெரியுமோ?" "இல்ல சார். எட்டு வயசுல வந்தாச்சு. நீங்க எடுத்துட்டுப் போங்க, இஞ்ச யாருக்கு வேணும்." குரலில் ஒன்றும் இல்லை, நான் உற்றுக் கேட்டேன், ஒன்றுமே இல்லை, அப்படியானால் உண்மையிலேயே மறந்துவிட்டார், நானும் மாமியும்தான் பழைய கதையைக் கிளறுகிறோம், கொடுத்துவிடலாம், கொடுத்துவிடுவதுதான் சரி… பாட்டு நடுவில் எல்லாம் அடங்கி, பாடுகிறவர் பாடாமல் என்னவோ பேச ஆரம்பித்தார், பக்கத்து வீட்டுக்காரனிடம் வேலிக்கு மேலே குனிந்து பேசுகிற மாதிரி, பேசிவிட்டுச் சற்று நிறுத்தினார், பிறகு பின்னால் இருக்கும் ஆட்கள் எல்லோரும் வெடித்துச் சிரிக்கிறார்கள், தட்டிலேயே அந்தச் சிரிப்பு பதிவாகியிருக்கிறது. ஆனால் அவர்கள் சிரிப்பதற்கு முன்னாலேயே, அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளேயே, அப்பா சிரித்துவிட்டார். சத்தம் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது, நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு பையனின் சிரிப்பு. உடனே வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

ஹரிகுமார் சார் முள்ளைத் தூக்கிவிட்டு, "அப்போ எடுத்துக்கலாமா மோளே?" என்றார், படம் போட்டவள் நான் என்பதால் என்னிடம்தான் கேட்கிறார். வேண்டாம் சார், அப்பாவுக்கு எல்லாம் புரிகிறது, இது அவருடையது, என்று வாய்வரை வந்துவிட்டது, அந்நிய ஆள் முன்னால், சத்தமாக… அப்பா வாசல் நிலையை விட்டு நகரவில்லை, அடி விழப்போகிற பையனுக்கு மாதிரி கழுத்து மட்டும் லேசாகத் தோளுக்குள் இறங்கியிருந்தது, கண் என் வாயிலேயே இருந்தது. இவ்வளவு நேரமும் அவர் எதை மறந்தார், எதை மறக்கவில்லை என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அவர் பயந்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுவும் என்னைப் பார்த்து.