காய்ந்திருக்க வேண்டிய தட்டு

பசித்தது. முந்தின நாள் மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லைதான். ஆனாலும் புருஷன் கூடத்தில் பிணமாய் நீட்டிக் கிடக்கும்போது இந்த வயிறு வெட்கமில்லாமல் கத்துகிறதே என்று அவளுக்கு ஆத்திரம். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அவன் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் தைத்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். நகக்கண்ணில் ஏறியிருந்த கிரீஸை மட்டும் யாரும் தொடவில்லை.

"விடும்மா, அது அவன் கூடப் பொறந்தது" என்றாள் மாமியார். "கல்யாணத்தன்னிக்கே போகல."

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

சுவருக்கு அந்தப்புறம் பட்டறை. லாரி கியர்பாக்ஸ் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதைத் தூக்கிய செயின் பிளாக் உத்தரத்தில் தொங்கியது. கைச்சங்கிலியை இழுக்க இழுக்கப் பாரம் மேலே போகும். கையை விட்டால் உள்ளே இருக்கிற பிரேக் பிடித்துக்கொள்ளும். நேற்று அது பிடிக்கவில்லை. சங்கிலியை இழுத்தவன் அவள் கொழுந்தன். உருண்டுபோன போல்ட்டை எடுக்கக் கீழே குனிந்தவன் அவள் புருஷன். தொங்குகிற சாமானுக்கு அடியில் தலையைக் கொடுக்காதே என்று வருகிறவன் போகிறவனையெல்லாம் ஏசுகிறவன்தான்.

பக்கத்து ஷெட்டு வெல்டர் கை நிறையக் கறுப்போடு வந்து நின்றான்.

"பெரியம்மா, மூடியைக் கழட்டிப் பாத்துட்டேன். பிரேக் தட்டு எண்ணெயில ஊறிக் கெடக்கு. சங்கிலிக்குத்தான் எண்ணெய் போடணும். தட்டு காஞ்சு இருக்கணும், இல்லேன்னா வழுக்கிடும். எந்த மேதாவியோ மூடிக்குள்ள ஊத்தியிருக்கான்."

எல்லார் கண்ணும் வாசற்படியில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் மேல் போயிற்று.

"எண்ணெய் போடறது நீதானடா?" என்றாள் மாமியார்.

"ஆமாம்மா. சங்கிலிக்குத்தான் போட்டேன்." அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். ஓடிய சங்கிலியைப் பிடித்து நிறுத்தப் பார்த்ததில் தோல் உரிந்து சதை தெரிந்தது. "ஒரு சாண் தூக்கி நிறுத்திக்கூடப் பாத்தோம். நின்னுச்சு... உள்ள இறங்கியிருக்கும்போல. கை தவறியிருப்பேன். நான்தான்மா."

அவள் கையில் துணி நின்றுபோயிற்று.

சுவரோரம்தான் அவளுடைய தையல் மெஷின். சங்கிலி இழுக்கிறபோதெல்லாம் கடக் கடக் என்று மண்டைக்குள் ஆணி அடிக்கும். "ஒரு சொட்டு எண்ணெய் விட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள். "அது அப்படித்தான் பேசும். நீ பேசலையா?" என்பான் புருஷன். முந்தாநாள் அண்ணனும் தம்பியும் சாமான் வாங்கப் போயிருந்த நேரத்தில், ஸ்டூல் போட்டு ஏறி, மூடி இடுக்கில் தையல் மெஷின் எண்ணெயைக் குப்பி காலியாகும் வரை விட்டாள். சாயங்காலம் ஒரு சின்ன மோட்டாரைத் தூக்கிவிட்டு, "என்னடி இது, இன்னிக்குப் பூனை மாதிரி நடக்குது?" என்றான் புருஷன். அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். ரெண்டு நாள் மண்டையைக் குடையட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரே பெருமை.

"அத்தை..."

"என்னம்மா?"

அறை முழுக்க அவளைப் பார்த்தது.

"துணி பத்தல" என்றாள்.

மாமியார் தன் முந்தானை நுனியைக் கிழித்துக் கொடுத்தாள்.

வண்டி வந்தது. தூக்குவதற்கு நாலு பேர் எழுந்தார்கள். கொழுந்தனும் வந்து கால்மாட்டில் குனிந்தான்.

"நீ தொடாதே" என்றாள் மாமியார். கத்தவில்லை. அவன் நிமிர்ந்தான். உரிந்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். அவன் இடத்தில் வெல்டர் போய்க் குனிந்தான்.

"பாத்து, நிலைப்படி தலையில இடிக்கும்" என்றான் ஒருவன்.

எல்லாரும் பின்னாலேயே வெளியேற, கொழுந்தன் அவள் பக்கத்தில் ஒதுங்கினான்.

"அண்ணி, என்னை மன்னிச்சிருங்க."

அவள் தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

வண்டிக் கதவைச் சாத்தினார்கள். அவனை யாரும் ஏறச் சொல்லவில்லை. புகைக்கு நடுவே கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்து போனான். எண்ணெய் ஊற்றினது நான்தான் தம்பி என்ற அந்த ஒரு வார்த்தை, அவள் அவனுக்குத் தரவேண்டிய பாக்கி.