நாயிடம் சொன்ன சேதி

லொரேட்டா மணலில் முட்டி போட்டு அதே தடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பாலைநிலத்து ரேஞ்சர் வேலையில் பதினோரு வருஷமாகத் தடம் பார்க்கிறவள். மணலில் கிடக்கும் ஒரு கால்தடம் தன்னை இந்தப் பாடு படுத்தும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். நினு! முயல் அளவில், நீளக் காதும் கூர் மூக்குமாக வளை தோண்டும் நினு. அம்மா உயிரோடிருந்தபோது பார்த்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் நினுவைத் தின்று தீர்த்த காட்டுப்பூனைகள் வைத்ததுதான் சட்டம். இன்றைக்கு முள்புல் புதருக்கு அடியில் ஒரு வளை, வாசலில் ஈரம் காயாத மண், தாயின் தடத்தை ஒட்டி இரண்டு குட்டித் தடங்கள்.

ஐம்பத்திரண்டு வயது என்பதை மறந்து ஒரு குதி குதித்தாள். குதித்த வேகத்திலேயே நேற்றைய பேச்சு நினைவுக்கு வந்தது. நேற்று இதே வழியாகப் போனபோது, "அங்க ஒண்ணுமில்ல, தாராளமா கொளுத்தலாம்" என்று தங்கையிடம் சொன்னவள் அவளேதான். வண்டியை விட்டு இறங்கச் சோம்பல்பட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்ன சொல். அந்தச் சொல்லை நம்பி, கோடையில் பெருந்தீ பிடிக்காமலிருக்கக் காய்ந்த புல்லை முன்கூட்டியே எரித்துவிடுகிற வேலைக்கு, மருமகன் கிளிஃப்டன் இரண்டு மணல்மேடு தள்ளி எண்ணெய் சொட்டும் தீக்குடுவையோடு நிற்கிறான். நிமிர்ந்து பார்த்தாள். கிழக்கே புகை கிளம்பிவிட்டது. காற்று நேராக அவள் முகத்தில் அடித்தது.

தீ வளைக்குள் இறங்காது, நினு பிழைத்துக்கொள்ளும். பயம் அதுவல்ல. புல் எரிந்து மொட்டையான இடத்தில் குட்டிகள் எங்கே ஒளியும்? கருகல் வாசனை பிடித்துப் பூனைகள் எவ்வளவு தூரத்திலிருந்தும் வந்துவிடும். இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும்.

வண்டிக்கு ஓடி ரேடியோவை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. மறுமுனையில் இருப்பது கிளிஃப்டன் மட்டும். மாமியார் மருமகனோடு பேசுவதா? எட்டு வருஷமாக அவள் மகளோடு குடித்தனம் செய்கிறான். இந்த எட்டு வருஷத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் கடைக்குள் நுழைந்தால் இவள் பின்வாசல் வழியாக வெளியேறுவாள். அவர்கள் குல வழக்கத்தில் மரியாதை என்றால் அதுதான் மரியாதை. இருவருக்கும் நடுவில் சேதி கடத்துகிற தங்கை நோரீனோ, பூனைத் தடம் ஒன்றைத் துரத்திக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். லொரேட்டா ஹாரனை விடாமல் அழுத்திப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

புகை தடித்தது. வெட்கம் ஒரு பக்கம் இழுத்தது, குட்டிகள் ஒரு பக்கம் இழுத்தன. அப்போதுதான் வண்டி நிழலில் படுத்திருந்த நோரீனின் நாய் கண்ணில் பட்டது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கிழக்குக்கு முதுகைக் காட்டி, ரேடியோ பொத்தானை அழுத்திக்கொண்டு நாயைப் பார்த்துப் பேசினாள்.

"டேய் பிஸ்கட்டு, நல்லா கேட்டுக்கடா. இங்க நினு இருக்கு, ரெண்டு குட்டியோட. நேத்து ஒண்ணுமில்லன்னு சொன்னவளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. யாராச்சும் கொளுத்திக்கிட்டு இருந்தாங்கன்னா நிறுத்தச் சொல்லுடா."

பிஸ்கட் கொட்டாவி விட்டது. மானம் போயிற்று, புல்லும் போகப்போகிறது என்று அவள் நினைத்தபோது ரேடியோவில் கரகரவென்று குரல் வந்தது.

"ஏ குடுவை, உங்கிட்டத்தான் பேசறேன்," என்றான் கிளிஃப்டன். "ஒரு வரிசை பத்திக்கிச்சு, இனி அணைக்க முடியாது. நடுவுல புல்லு மொளைக்காத களிமண் தரை இருக்குல்ல, அதோட கிழக்கு ஓரத்துல யாராச்சும் எதிர்த்தீ வெச்சா நல்லாருக்கும். வடக்கால பரவறத நான் அடிச்சு அணைச்சுக்கறேன்."

லொரேட்டா தீப்பெட்டியோடு ஓடினாள். முட்டிவலி, மூச்சுவாங்கல் எதுவும் நினைவில்லை. களிமண் தரையைத் தாண்டிப் புதருக்குப் புதர் குனிந்து கொளுத்திக்கொண்டே போனாள். அவள் வைத்த தீ காற்றை எதிர்த்து முக்கி முனகி நகர்ந்தது. அவன் வைத்த தீ தலைக்கு மேல் எழும்பி வந்தது. இரண்டும் மோதின. காது அடைக்கிற மாதிரி ஓர் இரைச்சல். பிறகு தின்ன எதுவுமில்லாமல் இரண்டும் படுத்துவிட்டன. வளை இருந்த பக்கம் ஒரு புல்கூடக் கருகவில்லை. லொரேட்டா மணலில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாள்.

சற்று நேரத்தில் ரேடியோவில் அவன் குடுவையிடம் கூச்சத்தோடு சொன்னான், அந்த வளையை ஒரு தடவை பார்த்தால் தேவலை என்று. பார்க்கச் சொல்லும்படி அவள் பிஸ்கட்டிடம் சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் வண்டி வந்து நின்றது. காலடி வளையைச் சுற்றி வந்து நின்றது. அவன் மணலில் மண்டியிடும் சத்தம் கேட்டது.

"ஏ குடுவை," என்றான் கடைசியில், "ரெண்டு இல்ல. மூணு."

லொரேட்டாவால் பொறுக்க முடியவில்லை. தடம் பார்ப்பதில் அவளுக்கே பாடமா? அதைவிட, மூன்றா! அவன் அங்கே இருக்கையில் திரும்பிப் பார்க்கவும் முடியாது, ஓடிப்போய்ப் பார்க்கவும் முடியாது.

"பிஸ்கட்டு, பாத்து முடிச்சவங்க கொஞ்சம் வெரசா கிளம்பினா புண்ணியமாப் போகும்," என்றாள். "இங்க ஒருத்திக்கு உசுரே போகுது."

அவன் சிரிப்பது கேட்டது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் அவள் எழுந்து ஓடினாள்.

புதரின் வேர் ஓரத்தில், நேற்றும் இன்றும் அவள் கண்ணுக்குத் தப்பிய இடத்தில், நகத்தளவு ஒரு தடம் இருந்தது. அவள் தேடிக் கஷ்டப்படக் கூடாதென்று அதைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தான். எட்டு வருஷத்தில் மருமகன் அவளிடம் நேராகச் சொன்னது அது ஒன்றுதான். லொரேட்டா அதன் முன்னால் மண்டியிட்டாள், கண் நிறைந்து வழிய வழியப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.