இடப்பக்கச் சுவரோரம்

அத்தான் தப்பாகத்தான் கட்டியிருந்தார். அக்கா புருஷன் என்பதற்காக அதை மூடி மறைக்க முடியாது. சாலைக்கு அடியில் ஓடை வருகிற சிறுபாலத்தின் கான்கிரீட் பெட்டிக்குள், குறுக்கே ஒரு முழ உயரத்துக்குத் தடுப்புகள் வைக்கச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு தடுப்பிலும் தண்ணீருக்கு ஒரு திறப்பு. முதலில் வலப்பக்கம், அடுத்ததில் இடப்பக்கம், திரும்பவும் வலம். தண்ணீர் வளைந்து வளைந்து வேகம் குறையும், முட்டையிட மேலே போகிற மீன் நின்று நின்று ஏறும் என்பது என் கணக்கு. அத்தான் எல்லாத் திறப்பையும் வலப்பக்கமே வைத்துத் தொலைத்திருந்தார்.

"சென்ட்ரிங் பலகையத் திருப்பிப் போட விட்டுப்போச்சும்மா" என்றார் தலையைச் சொறிந்துகொண்டு. "பெட்டிய மூடினப்புறந்தான் பாத்தேன். உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று கத்தலாம்தான். ஆனால் கத்த வாய் வரவில்லை. மீன்கள் பெட்டிக்குள் நுழைந்து மறுமுனை வழியே மேலே ஏறிக்கொண்டிருந்தன. திறப்பெல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்தால் தண்ணீர் அம்பு மாதிரி பாயும், எந்த மீனும் எதிர்த்துப் போக முடியாது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். முடியாது என்றுதான் விடை வந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது எனக்கு.

மேலதிகாரியைப் போனில் கூப்பிட்டேன்.

"படத்துல இருக்கிற மாதிரி இல்லன்னா இடிச்சிட வேண்டியதுதானே?"

"மீன் ஏறுது சார்."

"எப்படி ஏறுது?"

"தெரியல சார்."

"டிசைன் பண்ணின நீங்களே தெரியலன்னா எப்படிம்மா? சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லன்னா நாளைக்கு இடிக்கச் சொல்லிடுவேன்."

நாளை இடித்தால் திரும்பக் கட்டும்வரை ஓடையை அடைக்க வேண்டும், இந்த மழைக்கு மேலே போக வழியில்லை. வயிற்றில் முட்டையோடு வந்த மீன்கள் கீழேயே கிடக்கும். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். தொடை வரை தண்ணீர், உள்ளே குனிந்துதான் நடக்க முடிந்தது. டார்ச்சைத் திறப்புகளின் பக்கம் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். ஒரு மீன்கூட அந்தப் பக்கம் வரவில்லை. இடது காலில்தான் ஏதோ உரசிக்கொண்டே போயிற்று.

மீன்கள் இடப்பக்கச் சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தன. பாய்ச்சலெல்லாம் வலப்பக்கம் போய்விட்டதால் இங்கே தண்ணீர் சும்மா கிடந்தது. தடுப்பின் தலைக்கு மேல் ஒரு சாண் ஆழம், அதில் நழுவி அடுத்த தடுப்புக்குப் போயின. என் படத்தில் இப்படி ஒரு ஓரமே கிடையாது. அதன்படி கட்டினால் பாய்ச்சல் இந்தச் சுவரில் ஒரு முறை, அந்தச் சுவரில் ஒரு முறை மோதிக்கொண்டே வரும். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

"அத்தான், இடிக்க வேணாம்!" என்று உள்ளிருந்தே கத்தினேன்.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் அப்பாடா என்றிருந்தது. "நல்லவேளை. இதுல கோட்டை விட்டதாலதான் ஓடையில மேல இருக்கிற மூணு பாலத்தையும் கூடவே நின்னு கட்டினேன். ஒரு நூல் பிசகல. அப்படியே உன் படம்."

கரையோரமாக மேல்நோக்கி ஓடினேன். வளைவைத் தாண்டியதும் அடுத்த சிறுபாலம். வலம், இடம், வலம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதன் வாயில் மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒன்று பாய்ந்து முதல் தடுப்பு வரை போயிற்று, தண்ணீர் அதைப் புரட்டிக் கீழே தள்ளியது. மறுபடி பாய்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தான் மூச்சிரைக்க வந்து நின்றார். "என்னம்மா? இதுலயும் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்ல அத்தான்" என்றேன். "நீங்க சரியாத்தான் கட்டியிருக்கீங்க."