நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின்

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் தங்களோடு ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போவார்கள். வண்டியில் இருக்கிற குறையை அவன் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நான் போனது இல்லாத குறையைக் கண்டுபிடிக்க. தம்பி மனைவி எந்த வண்டியையும் வாங்கிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் அவளோடு பஸ் ஏறினேன்.

காரணத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக் கதை சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் என் தம்பி அவனுடைய புல்வெளியில் செத்துப்போனான். டிராக்டரில் கத்திச்சட்டத்தை மாட்டிப் புல் வெட்டிக்கொண்டிருந்தான். ஏழடி நீள இரும்புச் சட்டம் அது. அதில் முக்கோணக் கத்திகள் பல்வரிசை மாதிரி இருக்கும். டிராக்டரின் பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு சுற்றினால் கத்திகள் இடமும் வலமுமாகப் பாயும். ஈரப்புல் போய் அடைத்துக்கொண்டது. எஞ்சினை அணைக்காமலே இறங்கி அடைப்பைப் பிடுங்கினான். தண்டை ஓடவிடும் லிவர் நழுவி விழுந்தது, கத்தி ஓடியது, தொடையில் பட்டது. மனைவி அன்றைக்குத் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்து அவள்தான் பார்த்தாள். "அடிபட்ட அரை மணிக்குள்ள யாராவது கட்டுப் போட்டிருந்தா ஆள் பிழைச்சிருப்பாரு" என்றார் டாக்டர்.

எஞ்சினை ஏன் அணைக்கவில்லை? அந்தப் பாழாய்ப்போன வண்டி சூடாகிவிட்டால் மறுபடி கிளம்பாது. "சூட்டுல அணைக்காதடா, ஓடிட்டே இருக்கட்டும்" என்று சொல்லிக்கொடுத்த மகாராஜன் நான்தான். இது எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாதது வேறு.

என் பட்டறைக்கும் அந்தப் புல்வெளிக்கும் முக்கால் கிலோமீட்டர்கூட இருக்காது. நடுவில் மரம் மட்டை எதுவும் இல்லை. புல் வெட்டும்போது வண்டிச் சத்தம் தேய்ந்துகொண்டே போகும், திரும்பி நெருங்கி வரும். அன்றைக்கு மத்தியானம் இரண்டரை மணிக்கு அது ஒரே இடத்தில் நின்றது. நாற்பது நிமிடம் அசையவில்லை. எனக்குக் கேட்டது. வண்டி நிற்கிறது, ஆள் கீழே இருக்கிறான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வாரத்தில் மூன்று தடவை அடைத்துக்கொண்டது, வா வா என்று என்னை வேலையைப் போட்டுவிட்டு ஓட வைத்திருந்தான். 'ஆரம்பிச்சுட்டானா? இன்னைக்கு அவனே பாத்துக்கட்டும்' என்று எரிச்சலோடு பிஸ்டனுக்கு ரிங் மாட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்றது. அப்பாடா, அடைப்பை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன்.

"கிரைண்டர் ஓடிட்டிருந்தது, ஒண்ணும் கேக்கல" என்று எல்லாரிடமும் சொன்னேன். அவளிடமும் அதையேதான் சொன்னேன். அவள் நம்பினாள். நம்பியதால்தான் இன்றைக்கும் என்னை அத்தான் என்று கூப்பிடுகிறாள், எனக்கென்று தினமும் ஒரு வாய் சேர்த்துச் சமைக்கிறாள். ஒண்டிக்கட்டையான எனக்கு உலகத்தில் இருக்கிற ஒரே உறவு அவள்தான். அது போய்விட்டால் எனக்கு ஒன்றுமில்லை.

அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டு ஆறு வருடம் ஆகிறது. இருந்தாலும் இரண்டரை மணியானால் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். ரேடியோவைச் சத்தமாக வைத்தாலும் அதற்கு அடியில் கேட்கும். எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன். புல்வெளி காலியாகக் கிடக்கும், சத்தமும் இருக்காது. திரும்பி வந்து ஸ்பேனரை எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். ஒருமுறை ரிப்பேருக்கு வண்டியை விட வந்தவர், "அங்க என்னங்க பாக்கறீங்க?" என்று கேட்டார். "யாரோ வண்டிய ஓடவிட்டு எங்கயோ போயிட்டான்" என்றேன். அவர் அந்தத் திசையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அதன்பிறகு அவர் என்னிடம் வண்டி விடுவதில்லை.

இந்த நிலைமையில்தான் அவள் வந்து நின்றாள்.

"அத்தான், இந்த வருஷமும் வெட்டுக்காரன் கைய விரிச்சுட்டான். பத்து நாள் ஆகுமாம். ரெண்டு வருஷமா வெட்டின புல்லு காயறதுக்குள்ள மழையில அழுகிப் போச்சு. இந்தத் தடவையும் போனா மாடு பன்னெண்டையும் சந்தைக்கு ஓட்டி விட வேண்டியதுதான். கத்திச்சட்டம் கொட்டகையில சும்மாதான கெடக்கு? ஒரு பழைய டிராக்டர் பாத்துக் குடுங்க. நானே வெட்டிக்கறேன்."

"நீயா?"

"ஏன், எனக்குக் கை கால் இல்லையா?"

மறுநாளே பஸ் ஏறினோம்.

பழைய வண்டி விற்கிறவருக்குக் கொட்டாவி என்று பெயர். பொய் சொல்வதற்கு முன்னால் ஒரு கொட்டாவி விடுவார், அவ்வளவுதான், மற்றபடி நல்ல மனிதர். அவருடைய தகரக் கொட்டகையில் நாற்பது, ஐம்பது வருடத்து டிராக்டர்கள் மூன்று நின்றன.

முதலாவது பெரிய சிவப்பு வண்டி. "யானை மாதிரி வண்டிம்மா" என்று கொட்டாவி விட்டார்.

"யானைய வச்சுப் புல்லு வெட்ட முடியுமா? உன் ஈர நிலத்துல சக்கரம் பதிஞ்சிரும். கத்திச்சட்டம் இழுக்க இதுல பாதி சக்தி போதும்" என்றேன். இது உண்மை.

இரண்டாவது சின்னச் சாம்பல் நிற பெட்ரோல் வண்டி. தாழ்வானது, அடக்கமானது, பார்க்க லட்சணமானது. "இதுல கிளட்ச்ச மிதிச்சா சக்கரமும் நிக்கும், தண்டும் நிக்கும். அடர்த்தியான எடத்துல வண்டிய நிறுத்தினா கத்தி புல்லுக்குள்ளயே நின்னு அடைச்சுக்கும். நீ இறங்கி இறங்கிப் பிடுங்கணும்" என்றேன். இதுவும் உண்மை. தம்பி வைத்திருந்தது இந்த மாதிரி வண்டிதான். அவள் அதன் பக்கத்திலிருந்து சட்டென்று நகர்ந்துவிட்டாள்.

மூன்றாவது நீலம். டீசல். பெயின்ட் உரிந்து, சீட் கிழிந்து, பார்க்கச் சகிக்காது. ஆனால் முன்சக்கர அகலம், எடை, உயரம் எல்லாம் அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. கிளட்ச் இரண்டு கட்டம். அவளுக்கென்றே எவனோ செய்து, நாற்பத்தைந்து வருடம் காத்திருக்க வைத்தது மாதிரி வண்டி.

"கியர்பாக்ஸ்ல ஒரு சத்தம் வருது. இது வேணாம்."

கொட்டாவி அதிர்ந்துபோனார். "அண்ணே, வாய் கூசாம சொல்றீங்களே! இதுல சத்தமா?" இந்த முறை அவர் கொட்டாவி விடவில்லை.

அவள் எங்கள் இருவரையும் கண்டுகொள்ளாமல் வண்டியைச் சுற்றி வந்தாள். பிறகு, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள். கிளம்பியது. "அரை மணி நேரம் ஓடட்டும்" என்றாள். ஓடியது. பானெட்டில் கை வைத்துச் சூடு பார்த்தாள். "இப்ப அணைங்க. இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க." ஒரே தட்டில் கிளம்பியது. "மறுபடி." கிளம்பியது. "மறுபடி." பத்துத் தடவை. பதினோராவது தடவை தானே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். கொட்டாவிக்கு வேர்த்துவிட்டது.

"இந்தம்மா வண்டி வாங்க வந்தாங்களா, இல்ல என்னப் பரீட்சை எழுத வைக்க வந்தாங்களா?" என்று என் காதில் கேட்டார்.

கியரைப் போட்டு, பின்தண்டையும் ஓடவிட்டு, அவள் கிளட்ச்சைப் பாதி மிதித்தாள். மெல்ல நகர்ந்துகொண்டிருந்த வண்டி நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். தண்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

"பாதி மிதிச்சா வண்டி மட்டும்தான் நிக்குது. கத்தி ஓடிட்டே இருக்கும், அடைக்காது. மீறி அடைச்சா அணைச்சுட்டு இறங்கலாம், திரும்பக் கிளம்பும். இத விட்டா வேற என்ன அத்தான் வேணும்? எந்தச் சத்தத்தச் சொல்றீங்க?"

"நான் சொன்னாச் சரியா இருக்கும். விடு."

"கேக்கலையே எனக்கு."

"உனக்குக் கேக்காதும்மா! எனக்குத்தான் கேக்கும். அந்த வெளியில ஒரு எஞ்சின் நின்னு ஓடறத மறுபடி ஒருதடவ என்னால கேக்க முடியாது, புரியுதா?"

கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் எஞ்சினை அணைத்தாள். பிறகு இறங்கி வந்து, "இதையே எடுத்துக்கறேன்" என்று கொட்டாவியிடம் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. கோபம், சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அன்றைக்கும் எனக்குச் சாப்பாடு வந்தது. கொண்டுவந்து வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கத்திச்சட்டத்தை நான்தான் மாட்டிக் கொடுத்தேன். மழுங்கிய கத்திகளைக் கழற்றிப் புதிது வைத்து ஆணி அடித்தேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வானம் நாலு நாளைக்குத் தெளிவாக இருக்கும் என்றார்கள். முதல் நாள் காலையிலேயே வெட்ட ஆரம்பித்துவிட்டாள். பட்டறையில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை எங்கே ஓடும்? காது முழுக்க அங்கேதான். சத்தம் போனது, வந்தது. ஒருமுறை நின்று அணைந்தது. நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். ஒரு நிமிடத்தில் கிளம்பியது. இன்னொரு முறையும் அதே மாதிரி. சொன்னபடி செய்கிறாள், கெட்டிக்காரி என்று பெருமையாகக்கூட இருந்தது. மத்தியானம் சாப்பிடப் போனாள். மறுபடி வந்து ஆரம்பித்தாள்.

இரண்டரை மணிக்குச் சத்தம் ஒரே இடத்தில் நின்றது. அணையவில்லை.

இது எனக்குள்ளே கேட்கிற சத்தமா, வெளியே கேட்கிறதா என்று முதலில் தெரியவில்லை. வாசலுக்கு ஓடினேன். வழக்கமாக வாசலுக்குப் போனால் அது நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. தூரத்தில் நீல நிறம் அசையாமல் தெரிந்தது. செருப்பைப் போடவில்லை. வரப்பு, முள், கல் எதையும் பார்க்காமல் ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஐயோ, ஐயோ என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

அவள் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கத்தி நின்றிருந்தது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையில் இருந்த செல்போனில் மணி பார்த்தாள்.

"ஏழு நிமிஷம்" என்றாள்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன்.

"பட்டறைக்கு நல்லாவே கேக்குது. வண்டி நிக்குது, ஓடலன்னுகூட தெரியுது. அப்படித்தான?"

தலையை ஆட்டினேன்.

"அன்னைக்கு கிரைண்டர் ஓடிச்சுன்னு சொன்னீங்க."

ஆறு வருடமாக அந்தப் பொய்யைத் தயாராக நாக்கின் நுனியில் வைத்திருந்தேன். அது வரவில்லை.

"ஓடல" என்றேன்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

அவள் அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் இறங்கினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

"ஏறி உக்காருங்க. நகர்த்தாதீங்க, அணைக்காதீங்க. நான் உங்க பட்டறைக்குப் போறேன். அங்க உக்காந்து நாப்பது நிமிஷம் இதக் கேட்டுப் பாக்கறேன். எப்படி ஒரு மனுஷனால உக்காந்திருக்க முடிஞ்சதுன்னு எனக்குத் தெரியணும்."

"ஏம்மா..."

"ஏறுங்க."

ஏறினேன். அவள் வெட்டிய புல்லைத் தாண்டி, நான் ஓடி வந்த பாதையிலேயே நடந்து போனாள். பட்டறை வாசலில் சின்னதாகத் தெரிந்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

எஞ்சின் எனக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. பத்து நிமிடம் ஆனதும், போதும் என்று வந்துவிடுவாள் என்று அந்தப் பாதையையே பார்த்தேன். யாரும் வரவில்லை. இருபது நிமிடம் ஆனது. கூப்பிட்டுப் பார்த்தேன். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு அது விளங்கியது. தம்பியும் கூப்பிட்டிருக்கிறான். இந்த இடத்திலிருந்து பார்த்தால் என் பட்டறைக் கதவு திறந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. அண்ணன் உள்ளேதான் இருக்கிறான், இதோ வந்துவிடுவான் என்று இந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நான் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.